கையால மிதிக்கிற வண்டி

குறுவை நடவு முடிஞ்சு களை வர்றதுக்குள்ள எங்களுக்கு ஒரு பத்து நாள் மூச்சு விட நேரம் கிடைக்கும். மோட்டார் கொட்டகைத் திண்ணையில உக்காந்து மும்முனை கரண்டுக்குக் காத்திருக்கிறதுதான் அந்த நாட்கள்ல பெரிய வேலை. அப்படி ஒரு சாயங்காலம் என் மச்சினனுக்கு அலெக்ஸ் ஜனார்டி கதையைச் சொன்னேன்.

மூணு வருஷம் முன்னாடி ரொட்டவேட்டர்ல சுத்தியிருந்த வைக்கோலை எடுக்க இறங்கினவன் அவன். டிராக்டர்ல உக்காந்திருந்தது நான். மெஷினை முழுசா அணைக்காதது என் தப்பு. வலது கால் தொடையோட போச்சு, இடது கால் முட்டி மடங்காது. செயற்கைக் கால் வாங்கினோம், ஆனா சேத்து வரப்புல அதை வச்சுக்கிட்டு நடக்க முடியல. இப்ப அவனுக்கு எல்லாம் கையால சுத்துற மூணு சக்கர சைக்கிள்தான். எங்க ஊர்ல அதையும் 'மிதிக்கிறது'ன்னுதான் சொல்லுவோம்.

ஜனார்டி இத்தாலிக்காரர், போலோஞா பக்கம். 1966-ல பிறந்தவர். அப்பா பிளம்பர். பதிமூணு வயசுல, அப்பாவோட குழாய்களையும் குப்பைத்தொட்டிச் சக்கரத்தையும் வச்சு சொந்தமா ஒரு ரேஸ் வண்டி செஞ்சாராம். இதைக் கேட்டதும் மச்சினன் நிமிர்ந்து உக்காந்தான். பழைய பம்புசெட் இஞ்சினை வண்டியில பூட்டி ஓட்டின ஆளு அவன்.

அந்தப் பையன் வளர்ந்து அமெரிக்காவுல கார்ட் பந்தயத்துல 1997, 1998 ரெண்டு வருஷமும் சாம்பியன் ஆனார். 2001 செப்டம்பர் 15. ஜெர்மனியில லவுசிட்ஸ்ரிங் மைதானம். இன்னும் 13 சுற்றுதான் பாக்கி, பந்தயத்துல இவர்தான் முன்னாடி. பிட்டுல நிறுத்திட்டு வெளிய வரும்போது கார் சுழன்று பாதைக்குக் குறுக்கே வந்துடுச்சு. 300 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல வந்த இன்னொரு கார் மோதினதுல ரெண்டு காலும் அங்கேயே போச்சு. உடம்புல ஒரு லிட்டர் ரத்தம்கூட மிச்சமில்லைன்னும், இதயம் ஏழு தடவை நின்னதுன்னும் சொல்றாங்க.

2003-ல அதே மைதானத்துக்குத் திரும்பி வந்தார். கையால இயக்குற மாதிரி மாத்தின கார்ல அந்தப் பாக்கி 13 சுற்றையும் ஓட்டி முடிச்சார். கடன் வச்சிருந்தா தூக்கம் வராத ஜாதி போல. அப்புறம் பழையபடி கார் பந்தயம், அதுல வெற்றிகள். 

கைச்சைக்கிளுக்கு வந்தது 2007-ல. நியூயார்க் மாரத்தானுக்கு விருந்தாளியாக் கூப்பிட்டாங்க. வெறும் நாலு வாரம் பழகிட்டுப் போய் நாலாவதா வந்தார். அதே நியூயார்க்குல 2011-ல முதலிடம்.

அந்த வண்டியைப் பத்தித்தான் மச்சினன் குடைஞ்சு குடைஞ்சு கேட்டான். அதுவும் மூணு சக்கரம்தான், சங்கிலிதான், கியர் உண்டு. ஆனா ரெண்டு கைப்பிடியும் ஒண்ணாவே சுத்தும். நம்ம சைக்கிள் பெடல் மாதிரி ஒண்ணு மேல, ஒண்ணு கீழ கிடையாது. பெரும்பாலான பேர் மல்லாந்து படுத்து ஓட்டுவாங்க. ஜனார்டி ஓட்டின பிரிவுல முழங்கால் போடுற மாதிரி ஊன்றி உக்காந்து, இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் முன்னால தள்ளணும். "கடப்பாரை போடுற மாதிரி, முதுகும் சேர்ந்து வேலை செய்யும்"னு அவனே புரிஞ்சுக்கிட்டான்.

2012 லண்டன் பாராலிம்பிக்ல ரெண்டு தங்கம், ஒரு வெள்ளி. பந்தயம் நடந்தது பிராண்ட்ஸ் ஹாட்ச்சுல. அதுவே ஒரு கார் பந்தய மைதானம்! ஜெயிச்சதும் தரையில உக்காந்து, வண்டியை ஒத்தைக் கையால தலைக்கு மேல தூக்கின படம் இருக்கு, தேடிப் பாருங்க. 2016 ரியோவுல இன்னும் ரெண்டு தங்கம், ஒரு வெள்ளி. அதுல ஒரு தங்கம் செப்டம்பர் 14, விபத்து நடந்து பதினஞ்சு வருஷம் ஆக ஒருநாள் இருக்கும்போது. அப்ப வயசு 49.

இதோட நிறுத்திட்டேன். கரண்டும் வந்துடுச்சு.

மறுநாள் காலையில போனைக் கையில வச்சுக்கிட்டு வந்தான். "மாமா, பாதியில விட்டுட்டீங்களே?"

"எதை மாப்ள?"

"2020 ஜூன்ல, ஊர் ஊரா கைச்சைக்கிள்ல போற ஒரு பயணத்துல லாரியில மோதினது."

அது பியென்சா ஊர்ப் பக்கம், டஸ்கனியில. முகத்துலயும் தலையிலயும் பலத்த அடி. ஆபரேஷன் மேல ஆபரேஷன். ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. எனக்குத் தெரிஞ்சுதான் சொல்லாம விட்டேன்.

"வீட்டுலயே இருந்திருந்தா லாரி மோதியிருக்காதுன்னு நினைக்கிறீங்க. அதான் என்னை மெயின் ரோட்டைத் தாண்டிப் பால் சொசைட்டிக்கு விடமாட்டேங்கிறீங்க."

எனக்குப் பதில் வரல. அவனே சொன்னான்: "அன்னிக்கு மெஷின் ஓடிட்டு இருந்தது எனக்கும் தெரியும் மாமா. தெரிஞ்சுதான் இறங்கினேன்."

மூணு வருஷத்துல இதை அவன் சொன்னதே இல்ல. உண்மையா, எனக்காகச் சொன்னானான்னு இன்னும் பிடிபடல. என் வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், "அவனையே கேளுங்க"ன்னுட்டா.

அந்த வார சந்தையில சிவப்பு ஒளிர் ஸ்டிக்கர் ரெண்டு முழம் வாங்கி வண்டிப் பின்னால ஒட்டினேன். ஒரு கம்பியில மஞ்சள் துணியும் கட்டினேன். கோயில் தேர் மாதிரி இருக்குன்னு முகம் சுளிச்சான், ஆனா கழட்டல.

மறுநாள் விடியக்காலை ஆறு லிட்டர் பால் கேனைக் காலடியில வச்சுக்கிட்டுக் கிளம்பினான். நான் டிவிஎஸ் ஃபிஃப்டியில பின்னாலேயே ஊர்ந்தேன். வாய்க்கால் பாலத்து ஏத்தத்துல கை ரெண்டும் நடுங்குது. இறங்கித் தள்ளலாம்னு நான் காலை ஊன்றினதும் திரும்பிப் பார்த்தான்.

"முன்னாடி போங்க மாமா. பின்னாடி வர்ற லாரிக்கு வழி விடுங்க."

போயிட்டேன்.