கிளையாகப் பிறந்த ஆறு

தை 6

மழை விட்டுவிட்டது, வாடை இன்னும் விடவில்லை. சம்பூருக்கென்று ஆறு கிடையாது. வடக்கே கொட்டியாரக் குடா, கிழக்கே திறந்த கடல், நடுவில் குளமும் கிணறும். ஆறு பார்க்க வேண்டுமானால் மூதூருக்கு அப்பால் மகாவலி கங்கைக்குப் போகவேண்டும், இல்லையென்றால் தெற்கே வெருகலுக்கு. கங்கையைப் பற்றி எழுத ஆளிருக்கிறது. 1660இல் இந்தக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட றொபட் நொக்ஸ் தொடக்கம் அணைக்கட்டுப் பொறியியலாளர் வரை எழுதித் தள்ளியிருக்கிறார்கள். வெருகலென்று தேடினால் கிடைப்பது கோயில், இல்லையேல் போர். தண்ணீரைப் பற்றி நானாவது எழுதிவைக்கிறேன்.

தை 15

வெருகல் பாலத்தில் நின்றேன். மருதமரங்களின் அடி தெரியவில்லை, நல்ல கலங்கல்.

இந்த ஆற்றுக்கு மலையில் தலை இல்லை. மத்திய மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி, தன் கடைசிப் பகுதியில் சோமாவதியக் காட்டுச் சமவெளியில் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே போய்க் கொட்டியாரக் குடாவில் விழ, மற்றது கிழக்கே திரும்பி வெருகலென்ற பெயரோடு நேரே கடலுக்குப் போகிறது.

ஏன் பிரிய வேண்டும்? சமவெளியில் சரிவு அற்றுப்போகிறது. சுமந்து வந்த மண்ணை ஆறு தன் படுக்கையிலேயே கொட்டி, படுக்கையையும் கரையையும் தானே உயர்த்திக்கொள்கிறது. ஒரு பெருவெள்ளத்தில் கரை உடைந்தால் தண்ணீர் பள்ளம் பார்த்துப் புதுவழி எடுக்கும். அந்த வழி கடலுக்குக் கிட்டவானால் திரும்பி வராது. கிளையாறுகள் இப்படித்தான் உண்டாகின்றன. ஆகவே வெருகலாறு எவ்வளவு பெரிதென்று கேட்டால், அதற்குப் பதில் வெருகலில் இல்லை, மேலே பிரிகிற இடத்தில் இருக்கிறது.

மாசி 22

பட்டிக்காரர் ஒருவரோடு தேநீர்க் கடையில் பேச்சு. மாடுகளை வில்லுப் பக்கம் சாய்த்துவிட்டு வந்திருக்கிறார். வில்லு என்பது ஆற்றோரத்துத் தாழ்ந்த நிலம். மாரியில் ஆறு கரைமீறி அதை நிரப்பும். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க ஓரத்தில் பச்சைப் புல் ஏறும். சுற்றிக் காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில் யானையும் மாடும் அங்கேதான்.

"அந்தக் காலத்து வெள்ளம் இப்ப இல்லை தம்பி. வந்தாலும் ஒரேயடியா வந்து அள்ளிக்கொண்டு போகுது."

மகாவலியில் பொல்கொல்லை அணை 1976இல் முடிந்தது, விக்டோரியா அணை 1985இல். மேலே தேக்கியபின் சிறு வெள்ளங்கள் கீழே வருவது குறைந்தது. பெருமழை விழுந்து அணைகள் நிரம்பிய வருசங்களில் மட்டும், 2011 சனவரியைப் போல, எல்லாம் சேர்ந்து இறங்குகிறது. வில்லுக்கு வேண்டியது அந்தச் சிறு வெள்ளந்தான்.

வைகாசி 28

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரைக்காரர் வெருகல் கோயிலில் தங்கியிருக்கிறார்கள். பாலத்தால் நடந்துவிடுகிறார்கள். முன்பென்றால் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் அக்கரை சேரவேண்டும். இந்தக் கரையோரச் சாலையில் துறைக்குத் துறை அப்படிக் காத்துக் கிடந்த காலமும் இருந்தது. கிண்ணியாப் பாலமே 2009இல்தான் வந்தது.

ஆறு இப்போது மெலிந்துவிட்டது. கிழக்குக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரும் இல்லை. ஆகவே ஆற்று முகத்தில் கடல் அடித்துப் போடும் மணலைத் தள்ளிவிட ஆற்றுக்கு மாரிவெள்ளம் வேண்டும்.

ஆடி 5

அம்மாவுக்கு வெருகலென்றால் 2006தான். அந்த ஏப்ரல் கடைசியில் சம்பூரில் குண்டு விழுந்தது. சனம் தெற்கே நகர்ந்து ஈச்சிலம்பற்று, பிறகு ஆற்றைக் கடந்து கதிரவெளி, வாகரை, மட்டக்களப்பு என்று போனது. ஊர்க்காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல்.

இடையில், 2006 யூலையில், மாவிலாற்றுத் துருசு. வெருகலாற்றுத் தண்ணீரைச் சேருவில, மூதூர்ப் பக்கத்து வயல்களுக்குக் கொண்டுபோகும் வாய்க்காலின் வாய் அது. விடுதலைப் புலிகள் அதை மூடினார்கள், அரச படை முன்னேறியது. ஓகஸ்ட் 8இல் தண்ணீர் மறுபடி ஓடியபோது போர் தண்ணீரை விட்டு வெகுதூரம் போய்விட்டிருந்தது. அந்த வாயில் கைவைத்தவன் கீழே உள்ள சிங்களவன், முஸ்லிம், தமிழன் எல்லாருடைய வயலிலும் கைவைத்தான். ஆற்றின் புவியியலைப் படிக்காமல் அந்தப் போரின் தொடக்கத்தைச் சொல்வோரை நான் நம்புவதில்லை.

ஆவணி 19

வெருகல் கோயிலில் சித்திரவேலாயுதர் திருவிழா. ஆற்றில் முழங்கால் தண்ணீரில் சனம் குளிக்கிறது. கடலோர வேடர் வழிவந்த குடும்பங்களும் வந்திருக்கின்றன. கடலை, கச்சான், வளையல் என்று கடைத்தெரு நிரம்பிவிட்டது.

மரநிழலில் இரண்டு பெரியவர்களுக்குள் வாக்குவாதம். கரை இடிவது மணல் ஏற்றுகிறவர்களால் என்கிறார் ஒருவர். "அணைக்கட்டால" என்கிறார் மற்றவர். இருவர் சொல்வதும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. மலைமணல் அணைகளுக்குள் அடைந்து போகிறது, கீழே அள்ளிய குழிக்கு ஈடு வருவதில்லை, குழி விழுந்த படுக்கைக்குக் கரை சரிகிறது. இதைச் சொல்லப் போனேன்.

"அப்ப எத்தினை கியூப் அள்ளலாமெண்டு ஆர் கணக்குப் பாக்கிறது?" என்று இருவரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள்.