என் தோளும் பெரியம்மாவின் தோளும்

எம். புதுப்பட்டியில் 'நான் கயாக் ஓட்டுறேன்' என்று சொன்னால், 'இங்க தண்ணி எங்கடி இருக்கு?' என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மழை குறைந்த, காய்ந்த பூமி என்பதால்தான் சிவகாசியைச் சுற்றி தீப்பெட்டியும் பட்டாசும் வேர்விட்டன. எங்கள் கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நான் துடுப்பைப் பிடித்ததே சென்னைக்கு வேலைக்குப் போன பிறகுதான். வாரம் முழுக்க டிஜிட்டல் டெஸ்க்கில் பிரேக்கிங் நியூஸ், ஞாயிறு விடிகாலை முட்டுக்காடு அல்லது கோவளம். பொழுதுபோக்காக ஆரம்பித்தது, இரண்டு வருடத்தில் 500 மீட்டர் போட்டிக்கான பயிற்சியாக மாறியிருந்தது. அப்போதுதான் கோவளத்தில் ஒரு அலை படகைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டது. துடுப்பு தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டது. வலது கை தலைக்கு மேலேயும் முதுகுக்குப் பின்னாலேயும் ஒரே நேரத்தில் இழுபட்டது. கயாக் ஓட்டுபவர்கள் எல்லாரும் பயப்படுவது இந்த நிலைக்குத்தான். மூட்டு நழுவவில்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, கையை மேலே தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் நாணில் பாதிக் கிழிசல்.

"ஆபரேஷன் வேண்டாம். மூணு மாசத்துக்கு துடுப்பைத் தொடக் கூடாது" என்றார் மருத்துவர்.

தோள்பட்டை எவ்வளவு விநோதமான மூட்டு என்று அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இடுப்பு மூட்டு உரலுக்குள் இறங்கிய குழவி மாதிரி ஆழமாக உட்கார்ந்திருக்கும். தோள் அப்படி இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவோமே, அதுதான் தோள். பழம் பெரிது, கரண்டியில் பள்ளம் கொஞ்சம்தான். அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது, அதனால்தான் சுலபமாக அடிபடவும் செய்கிறது. ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு தசைகள் சுற்றி நின்று அந்தப் பழத்தை விழாமல் பிடித்துக்கொள்கின்றன. என்னுடையதில் ஒன்று கிழிந்திருந்தது.

துடுப்புப் போடுவது கைவேலை என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் பாதம் படகின் பலகையை உதைக்கும், இடுப்பும் முதுகும் திரும்பும். கிளம்புகிற பலம் முழுவதும் தோள் வழியாகத்தான் துடுப்புக்குப் போயாக வேண்டும். நிமிடத்துக்கு 60 வீச்சு என்றாலே ஒரு மணி நேரத்துக்கு 3,600. ஒரு தோளுக்கு 1,800.

ஊருக்கு வந்துவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை. இடது கையால் தட்டச்சு செய்ய முடியாமல் குரல் தட்டச்சுக்கு மாறினேன். நான் 'தோள்' என்றால் அது பிடிவாதமாக 'தோல்' என்றே எழுதியது. செய்தியின் தலைப்பை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

முதல் இரண்டு வாரம் பயிற்சி என்றால், குனிந்து நின்று கையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு ஆட்டுவது மட்டும். பிறகு சுவரில் கையை வைத்து, அசைக்காமல் அழுத்துவது. ஆறாவது வாரம் ரப்பர் பட்டை வந்தது. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு, அது விழாமல் கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும், பதினைந்தாவது முறையில் வியர்த்துவிடும். நாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் அவை ஆறுவதும் மெதுவாகத்தான். ராத்திரிதான் கொடுமை. வலப்பக்கம் ஒருக்களித்தால் தூக்கம் போய்விடும்.

அந்த ராத்திரிகளில் போனில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2023 அக்டோபர் 3, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆண்கள் இரட்டையர் கனோ 1,000 மீட்டரில் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் வெண்கலம் வாங்குகிறார்கள். 1994-ல் ஹிரோஷிமாவில் ஜானி ரோமலும் சிஜி சதானந்தனும் இதே பிரிவில் வாங்கியதற்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கம். சுனில், மணிப்பூரின் லோக்தாக் ஏரிக்கரையைச் சேர்ந்த மீனவர் மகன். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் குவாலியரின் பிராச்சி யாதவ். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். டோக்கியோ பாராலிம்பிக்கில் கனோ பிரிவில் களமிறங்கிய முதல் இந்தியர், ஹாங்சோ ஆசிய பாரா போட்டியில் தங்கமும் வெள்ளியும் வென்றவர். கால் கொடுக்கும் உதைப்பு இல்லாத படகில், தோளுக்கு எவ்வளவு வேலை என்று என் தோள் வலிக்கும்போதுதான் யோசித்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து உட்கார்ந்தார். பல வருடம் சரவெடி பின்னியவர். 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்ட பிறகு, காகிதக் குழாய் சுற்றும் வேலைக்கு மாறியவர். எண்ணிக்கைக்குத்தான் கூலி.

"எனக்கும் இந்தத் தோளுதான்டி. எட்டு மாசமா கொண்டை போட முடியல. உன் ரப்பரைக் கொஞ்சம் குடேன், நானும் இழுத்துப் பாக்கேன்."

கொடுக்கவில்லை. எனக்குச் சொன்ன பயிற்சி அவருக்குப் பொருந்துமா என்று தெரியாதே! 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டச் சொன்னேன். அவர் பெரியம்மாவின் கையைத் தானே தூக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் போகவில்லை. எனக்கு அப்படி இல்லை. நானாகத் தூக்கினால்தான் வலிக்கும், அடுத்தவர் தூக்கினால் கை மேலே போகும். பெரியம்மாவுக்கு 'ஃப்ரோஸன் ஷோல்டர்', அதாவது மூட்டைச் சுற்றியுள்ள உறையே இறுகிப்போவது. 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம். பெரியம்மாவுக்குச் சர்க்கரையும் இருந்தது. சரியாக ஒரு வருடம், சிலருக்கு இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். கிழிந்த தோளுக்கான ரப்பர் பட்டையை இறுகிய தோளில் இழுத்திருந்தால் வலிதான் கூடியிருக்கும். அவருக்குச் சொன்னது வேறு: சுவரில் விரல்களால் நண்டு மாதிரி ஏறுவது, வெந்நீர் ஒத்தடம், கூடவே சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுவது.

"எத்தனை நாள் லீவு போடணும்?" என்று பெரியம்மா கேட்டார்.

"லீவே வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு, அஞ்சு நிமிஷம் கையை அசைச்சாப் போதும்."

"அஞ்சு நிமிஷத்துல எத்தனை குழாய் சுத்தலாம் தெரியுமா தம்பி?"

பிசியோதெரபிஸ்ட்டிடம் அதற்குப் பதில் இல்லை. எனக்கு மூன்று மாதம் துடுப்பு இல்லை என்றாலும் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

நான்காவது மாதம் சென்னைக்குத் திரும்பினேன். முட்டுக்காட்டின் அசையாத தண்ணீரில் முதல் நாள் பத்து நிமிடம். கை எப்போதும் என் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும், தோளுக்குப் பின்னால் போகவே கூடாது என்பது பயிற்சியாளரின் கட்டளை. மறுநாள் காலை வலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த இரண்டு நிமிடம் கூட்டுவார். இப்போது இருபத்திரண்டில் நிற்கிறேன். கடலுக்கு இன்னும் அனுமதி இல்லை.

போன வாரம் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். கை காது வரை வந்துவிட்டதாம், கொண்டை இன்னும் எட்டவில்லை. அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட் வரும் நாளில் வீட்டில் இருந்தால் அரை நாள் கூலி போய்விடும். இருப்பதா, வேலைக்குப் போவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.