யார் நீரில் இறங்குவது?

பொறியியல் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவளுக்கு ரிமோட் படகுப் பந்தயத்தில் என்ன வேலை? துணைக்குப் போகிற வேலை. வெளியூர்க் கல்லூரியின் தொழில்நுட்ப விழாவுக்கு மாணவர் அணி தானாகப் போய் வரலாம். மாணவியர் அணி என்றால் ஒரு பெண் ஆசிரியர் உடன் போக வேண்டும். இயந்திரவியல் துறையில் அந்த ஆண்டு பெண் ஆசிரியர் யாரும் இல்லை. 2022இல் பாடத்திட்டத்துக்கு வந்த 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' வகுப்புகளை எடுக்கும் என்னிடம் முதலாண்டு மாணவிகள் ஐந்து பேர் வந்து நின்றார்கள். "கையெழுத்து மட்டும் போட்டா போதும் மேம்" என்றார்கள். படகையும் பார்க்கிறேன் என்றேன்.

விதித்தாள் ஒரு பக்கம்தான். படகின் நீளம் 45 செ.மீ.க்கு மேல் கூடாது. மோட்டார், பேட்டரி, ரிமோட் ஆகியவற்றைக் கடையில் வாங்கலாம். உடலை அணியினரே செய்ய வேண்டும். மூன்றரை அடி ஆழமுள்ள குளத்தில் மூன்று சுற்று, அப்படி இரண்டு ஓட்டம். மொத்த நேரம்தான் கணக்கு. படகு கவிழ்ந்தால் அந்த அணியே போய் மீட்க வேண்டும். அதுவரை கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

மோட்டார் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே முடிவெடுக்க வேண்டியது ஒரே விஷயம்: எந்த ஹல்? அவர்கள் 'ஹல்' என்றதை என் குறிப்பேட்டில் 'உடல்' என்று எழுதிக்கொண்டேன்.

நீரைக் கிழித்துக்கொண்டு போகும் சாதாரணப் படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. அது எழுப்பும் அலையே அதற்குத் தடையாக நிற்கும். 45 செ.மீ. படகுக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 3 கி.மீ.; நாம் மெதுவாக நடக்கும் வேகம். அதைத் தாண்ட வேண்டுமென்றால் படகு நீரைவிட்டு மேலெழுந்து, மேற்பரப்பில் வழுக்கி ஓட வேண்டும். எப்படி எழுகிறது என்பதில்தான் உடல்கள் வேறுபடுகின்றன.

மாணவிகள் மூன்றை வரைந்து காட்டினார்கள். முதலாவது, அடிப்பாகம் ஆழமாகச் சரிந்த 'வி' வடிவம். அலையை வெட்டிப் போகும், திருப்பத்தில் சாயும், வேகம் கொஞ்சம் குறைவு. இதில் ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் காலி அறை விட்டுத் துளை வைத்தால், கவிழ்ந்ததும் அதில் நீர் நிறைந்து அந்தப் பக்கம் கனக்கும். படகு தானே புரண்டு நிமிரும். இரண்டாவது, கேட்டமரன் எனும் இரட்டை உடல். நடுவே காற்று புகுந்து தூக்குவதால் நீரில் படும் பரப்பு குறைவு, வேகம் அதிகம். ஆனால் எதிர்க்காற்று மூக்கின் அடியில் புகுந்தால் அப்படியே மல்லாந்துவிடும், மல்லாந்தால் எழாது. மூன்றாவது, முன்னால் இரண்டு மிதவைக் கால்களும் பின்னால் விசிறியுமாக மூன்று இடத்தில் மட்டும் நீரைத் தொடும் வகை. மூன்றிலும் வேகமானது அதுதான். அதற்குக் கண்ணாடி போன்ற நீர் வேண்டும். நாங்கள் போகவிருந்த குளத்தில் பிற்பகல் காற்று உண்டு என்பதால் அதை முதலிலேயே விட்டுவிட்டார்கள்.

பணிமனைப் பொறுப்பாளர் நல்ல மனிதர். தெர்மாகோல் மேல் பாலியஸ்டர் ரெசின் பூசினால் கரைந்துவிடும், எப்பாக்சிதான் பூச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். அவரே சொன்னார்: "பொண்ணுங்களுக்கு வி போதும் மேடம். அதுதான் சேஃப். கேட்டமரன் கவுந்தா யாரு தண்ணில இறங்குறது?"

வி உடல் பயந்தவர்களுக்கான உடல் அல்ல. ரே ஹன்ட் வடிவமைத்த ஆழ்ந்த வி படகொன்று 1960இல் கொந்தளிப்பான கடலில் மயாமி–நசாவ் பந்தயத்தை வென்ற பிறகுதான் அந்த வடிவம் உலகெங்கும் பரவியது. அந்தப் படகின் பெயர் 'மாப்பி', உரிமையாளர் டிக் பெர்ட்ராமின் மனைவியுடைய செல்லப்பெயர். படகின் பெயரில் பெண், ஓட்டிய இடத்தில் ஆண்கள். மொழியிலும் இது உண்டு. கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கமில்லை என்று பொதுவாகப் பொருள் கொள்ளப்படும் நூற்பா தொல்காப்பிய அகத்திணையியலில் இருக்கிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கலம் போகும், அவள் கரையில் நிற்பாள். இருபது ஆண்டுகளாக இதை நான் வகுப்பில் நடத்துகிறேன்.

"யாருக்கு நீச்சல் தெரியும்?" என்று கேட்டேன். மாணவர் அணியில் எல்லோருக்கும் தெரியும். கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியவர்கள், வாய்க்காலில் குதித்துப் பழகியவர்கள். மாணவிகளில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். ஆற்றங்கரை ஊரில் பிறந்த எனக்கும் தெரியாது. என் தம்பிக்குத் தெரியும்.

அந்த ஒருத்தி பாம்பன் பக்கத்துப் பெண். மன்னார் வளைகுடாவில் புடவைமேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, முங்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களில் ஒருவர் அவள் அம்மா. படகின் முன்முனையை அணியில் அவள் மட்டும் அணியம் என்பாள். "எங்கம்மா முங்கிப் பாசி எடுக்குறாங்க மேம். நான் இடுப்பளவு தண்ணில இறங்க மாட்டேனா?" என்றாள். கேட்டமரன் என்பது நம் கட்டுமரம் என்ற சொல்தான் என்று வகுப்பில் சொன்னபோது சிரித்தவளும் அவளே. "எங்க கட்டுமரத்துக்கு ரெண்டு உடம்பு கிடையாது மேம், மரத்தைச் சேர்த்துக் கட்டுறதுதான்." சரிதான். சொல் மட்டும் கப்பலேறிப் போய் வேறு படகுக்குப் பெயராகிவிட்டது.

இரண்டு உடல்களையும் செய்து ஓட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் ஒரு சிக்கல். எங்கள் கல்லூரிக் குளம் மாலையில் மாணவர் அணி வசம். ஆறு மணிக்குள் மாணவிகள் விடுதிக்குள் இருக்க வேண்டும். மிஞ்சியது விடியற்காலை. விடியலில் நீர் அசையாது. கேட்டமரன் 58 வினாடியில் மூன்று சுற்று முடித்தது, வி 66. ஆனால் பந்தயம் பிற்பகலில். விடுதி நேரம் எங்கள் அளவீட்டுக்குள்ளும் புகுந்திருந்தது. 'தமிழரும் தொழில்நுட்பமும்' பாடத்தில் கப்பல் கட்டும் கலை ஒரு தலைப்பு. அந்த வகுப்பைப் பிற்பகலில் குளத்தங்கரைக்கு மாற்றினேன்.

காற்றில் கேட்டமரன் பத்து ஓட்டத்தில் மூன்று முறை மல்லாந்தது. பேட்டரியை 2 செ.மீ. முன்னே நகர்த்தியதும் பத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. நேரம் 61 வினாடி. வி ஒருமுறையும் கவிழவில்லை, நேரம் 70. கவிழ்ந்த படகை ஒருத்தி இறங்கி எடுத்தால் 40 வினாடி போகும். கரையில் நின்றபடி தூண்டில் நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி வீசி இழுத்தால் இரண்டரை நிமிடம். இறங்கலாம் என்றால் கேட்டமரன், இறங்கக் கூடாது என்றால் வி. கணக்கு அவ்வளவுதான். பொறுப்பாளர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆனால் பதிலை அவரே வைத்திருந்தார்.

விழா நடத்திய கல்லூரியைத் தொலைபேசியில் கேட்டோம். மாணவிகள் நீரில் இறங்க அனுமதியில்லை, பாதுகாப்புதான் காரணம் என்றார்கள். மாணவர்கள் இறங்குவது அதே மூன்றரை அடி நீரில்தான். ஒரு கடிதம் எழுதினேன்: ஆழம் அஞ்சத்தக்கது என்றால் எல்லோருக்கும் தடை விதியுங்கள், இல்லையென்றால் விதி எல்லா அணிக்கும் ஒன்றாக இருக்கட்டும். எழுத்தில் பதில் வரவில்லை. பந்தயத்தன்று யாரும் தடுக்கவும் இல்லை.

முதல் ஓட்டம் சுத்தமாக முடிந்தது. இரண்டாவதில், கடைசித் திருப்பத்தில் படகு மல்லாந்தது. அவள் துப்பட்டாவை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். கரையில் இரண்டு மூன்று பேர் செல்போனைத் தூக்கினார்கள். படகு கவிழ்ந்ததைப் படமெடுக்க அல்ல என்பது தெரிந்தது. துப்பட்டாவோடு நான் போய் அவர்களுக்கு முன்னால் நின்றேன். துணைக்குப் போகிறவளின் வேலை என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குப் பொருள்பட்டது. 38 வினாடியில் படகு திரும்ப ஓடியது. 14 அணிகளில் ஐந்தாவது இடம்.

'சேஃப்' என்று யாராவது சொன்னால் என் மாணவிகள் இப்போது இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: எந்த நீரில், யாருக்கு? விடை சில சமயம் வி உடலாகவே இருக்கும். அதையும் அவர்களே அளந்து எடுக்கட்டும். இந்த ஆண்டு அணி மூன்றாவது வகையை வரைந்துகொண்டிருக்கிறது. நீச்சல் வகுப்புக்கு அனுமதி கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் இன்னும் மேசையில் இருப்பதால், நகராட்சி நீச்சல்குளத்தில் பெண்களுக்கான நேரத்தில் மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். நாற்பத்து நான்கு வயதில் நானும் சேர்ந்திருக்கிறேன். இப்போதைக்கு ஆழமில்லாத பக்கம்தான்.