விலாவில் ஒரு சின்னத் தழும்பு

காலையில் மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, வலது விலாவில் அந்தத் தழும்பு விரலில் தட்டுப்பட்டது. நாலு வயதில் நிமோனியா முற்றி, நுரையீரலைச் சுற்றிச் சீழ் சேர்ந்து, குழாய் போட்டு வடித்த இடம்.

அப்போது என்னை அரித்த கேள்வி ஒன்றுதான்: இவள் மற்ற பிள்ளைகள் மாதிரி ஓடுவாளா?

"குழந்தையோட நுரையீரல் இன்னும் வளர்ந்துட்டுதாம்மா இருக்கு. பெரும்பாலும் முழுசா ஆறிடும்" என்றார் டாக்டர். நாலைந்து மாதத்தில் எக்ஸ்ரே தெளிந்தது. ஆறு வயதில் ஸ்பைரோமெட்ரி என்ற, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை. கன்னம் உப்ப, முகம் சிவக்க ஊதினாள். அளவு சரியாக இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

எல்லாக் குழந்தைக்கும் இப்படி அமைவதில்லை. சிலருக்கு மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து சளி தேங்கிவிடுகிறது. நாலு வாரத்துக்கு மேல் சளி இருமல் நீடித்தால், "சளிதானே" என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் சிகரெட் புகை வேண்டவே வேண்டாம். நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் இந்தியா முழுக்க அரசுத் திட்டத்தில் இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

வாசலில் பாண்டி ஆடுகிறாள். மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறாள். கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.