ஜார் காலத்து அயிட்டம் சார்!

ராயபுரம், காசிமேடு பக்கம் பழைய சாமான் கடைகளில் ரஷ்யக் காபி செட் தேடி அலைபவன் நான். சிரிக்காதீர்கள். சோவியத் கப்பல்கள் நம்ம துறைமுகத்துக்கு வந்துபோன காலம் ஒன்று இருந்தது. அந்தக் கால ஷோகேஸ்களிலிருந்து எப்போதாவது ஒரு செட் கடைக்கு இறங்கும். ஆறு கப்பும் சாஸரும் முழுசாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கடைக்காரர் எதை எடுத்தாலும் "ஜார் காலத்து அயிட்டம் சார்" என்பார். கப்பைக் கவிழ்த்தால் அடியில் 'மேட் இன் யு.எஸ்.எஸ்.ஆர்.' என்று அச்சு! ஜார் ஆட்சி 1917-லேயே முடிந்தது, சோவியத் யூனியன் பிறந்தது 1922-ல். பேரம் அங்கேயே பாதி படிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது 'கோபால்ட் வலை'. வெள்ளைப் பீங்கானில் கருநீலக் கோடுகள் வலையாக ஓடும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் பொடிப்பொடியாகத் தங்கம். காசிமேட்டுக்காரனுக்கு வலை பிடிக்காமல் போகுமா! வரைந்தவர் அன்னா யாட்ஸ்கெவிச், லெனின்கிராட் லொமொனோசோவ் ஆலை ஓவியர். 1744-ல் தொடங்கிய ஆலை அது. போர்க்கால முற்றுகையிலும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. 1952-ல் இறந்தார். 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அந்த டிசைனுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

நம்ம பில்டர் காபிக்கு அந்தக் கப் பத்தாது, இரண்டே மடக்கு. இருந்தாலும் அதில்தான் குடிக்கிறேன். பூட்டிவைக்க மனசு வரவில்லை.

எண்ணூர், திருவொற்றியூர் நண்பர்களே, வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது இருந்தால் கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், தங்கம் போய்விடும். பழைய சாமான்காரருக்குக் கொடுக்கும் முன் கமென்டில் ஒரு போட்டோ போடுங்கள்.