பழைய கூடு, புதிய மின்தேக்கி

பெங்களூரு எஸ்.பி. சாலைக் கடையொன்றில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், மெழுகு பூசிய சிறு காகித உருளையை நீட்டி, அதே போன்ற ‘கண்டென்சர்’ கேட்டார். பாடநூலின் மின்தேக்கிக்குக் கடைத்தெருவில் இன்றும் அதுவே பெயர். தந்தை விட்டுச்சென்ற வால்வு வானொலியில், வெளியீட்டு வால்வுக்கு ஒலிக்குறிப்பைக் கடத்தும் உறுப்பு அது. மாறுதிசை மின்னோட்டமான ஒலியை விட்டு, நேர்திசை மின்னோட்டத்தைத் தடுப்பதே அதன் கடமை.

காகிதம் ஈரம் உறிஞ்சியதால் அந்தத் தடை தளர்ந்திருந்தது. வீட்டில் அளந்தபோது, சுழி இருக்க வேண்டிய இடத்தில் 6 வோல்ட் நின்றது. கசிவு நீடித்தால் வால்வு மிகையாகச் சூடேறும். வெளியீட்டு மின்மாற்றியும் கருகும். வால்வுக்கு மாற்று கிடைக்கும். அந்த மின்மாற்றிக்குக் கிடைப்பது அரிது.

கடைக்காரர் மூன்று வகைகளை எடுத்து வைத்தார். பழைய வானொலிகளிலிருந்து கழற்றிய மெழுகுக் காகித வகை தோற்றத்தில் அச்சு அசல், நோயும் அதே. சோவியத் காலத்துக் கே40ஒய்-9, எண்ணெயில் ஊறிய காகிதத்தை உலோகக் குழாயில் காற்றுப்புகாமல் அடைத்தது. உறுதியானது, ஆயினும் இயங்கு மின்னழுத்தத்தில் கசிவைச் சோதித்தே பொருத்த வேண்டும். மூன்றாவது, 630 வோல்ட் தாங்கும் பாலிபுரோப்பிலீன். விலை மிகக் குறைவு, தோற்றம் மட்டும் அந்நியம்.

பேராசிரியர் தயங்கினார். அவர் காக்க விரும்பிய ‘பழைய குரல்’ தந்தை வாங்கிய நாளின் குரலா, கசிவு தொடங்கிய பிந்தைய ஆண்டுகளின் குரலா? வாங்கிய நாளில் அந்த உருளையும் புதியதாகவே இருந்தது.

மூன்றாவதையே வாங்கினார். மெழுகை மெல்ல இளக்கி, உருளையின் உட்பொருளை உருவி, புதியதை அதற்குள் செருகி, மீண்டும் மெழுகால் மூடிப் பற்றவைத்தார். அளவி சுழி காட்டியது. உருவிய காகிதச் சுருளை அவர் எறியவில்லை.