நாலாவது பேர்

மே மாசம் பெரியகுளம் வந்திருக்கீங்களா? அங்க நடக்குற அகில இந்திய கூடைப்பந்துப் போட்டியப் பார்த்துதான் நான் பந்தைத் தொட்டேன். பிளஸ் டூ முடிச்சு, பொறியியல் கலந்தாய்வுல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குப் போட்டேன். ரேங்க் சான்றிதழை வச்சுதான். அணிக்குக் கிடைச்ச சான்றிதழ்ல, 20 பாயிண்ட் போட்டவளும் பெஞ்சுல இருந்தவளும் ஒண்ணுதான். சீட் கிடைக்கல, மார்க்குல சேர்ந்தேன்.

அமெரிக்காவுல பள்ளி முடிக்கிற வீராங்கனைகளுக்கும் ரேங்க் உண்டு. 2020 ஈ.எஸ்.பி.என். பட்டியல்ல முதலிடம் பெய்ஜ் பியூக்கர்ஸ், நாலாமிடம் கெய்ட்லின் கிளார்க். 2024-இல் 3,951 பாயிண்டோட கல்லூரிச் சாதனை படைச்சது கிளார்க்! 2025-இல் கோப்பை ஜெயிச்சது பியூக்கர்ஸ் அணி. பட்டியல் நல்ல ஆட்களைக் காட்டிச்சு. வரிசையைத்தான் சரியா சொல்ல முடியல.

எங்க டீம்ல கோட்டாவுல வந்தவ என்னைவிட நல்லா ஆடுவா, ஒத்துக்கிறேன். ஆனா கடைசி நிமிஷத்துல அவ பந்தைப் போடுறது எனக்குத்தான். ஜூனியர்ஸ், ரேங்க் வரலைன்னு கிரவுண்டுக்கு வராம இருந்துடாதீங்க.